தண்ணி வந்துச்சா

பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டில் உட்கார்ந்து ஒரு நாவலை ஏழு வாரம் சத்தமாக வாசித்தேன். ஒழுங்காக வாசித்திருந்தால் ஐந்து வாரத்தில் முடிந்திருக்கும். நான் முடிக்காமல் இழுத்தேன். அப்படி இழுத்ததைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் அரியலூர்க்காரர்கள். என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டியவர். சர்க்கரை வந்தது, பிரஷர் வந்தது, கடைசியில் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயின. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் விடியற்காலை பஸ் பிடித்துப் பெரம்பலூர் போவோம். எட்டு மணிக்குக் கையில் ஊசி குத்தினால் பன்னிரண்டு மணிக்கு எடுப்பார்கள். நாலு மணி நேரமும் அவருடைய ரத்தம் குழாய் வழியாக மிஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். முதல் நாள் ஊசி போட்டபோது அவர் அந்த சிஸ்டர் பெண்ணிடம் சொன்னார்: "வண்டிய சர்வீஸுக்கு உட்டாச்சும்மா. பாத்து செய்யி, ஓனரம்மா பக்கத்துலயே குந்தியிருக்கா." அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தையை மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்கப்புறம் கற்றுக்கொண்டதில் பாதி நூலகத்தில், மீதிப் பாதி ஆட்கள் பேசுவதைக் கேட்டு.

இந்த நோயில் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு கொடுமை இருக்கிறது. தாகம். குடிக்கிற தண்ணீர் உடம்பை விட்டு வெளியே போக வழி இல்லை. அதனால் அளந்துதான் குடிக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்று. காலையில் குடிக்கும் டீயும், சோற்றில் விடும் ரசமும் அந்தக் கணக்கில்தான். வார்டுக்குள் நுழைந்ததும் எடை மிஷினில் ஏற்றுவார்கள். போன தடவையைவிட ஏறியிருப்பதெல்லாம் தண்ணீர். வாயால் என்ன பொய் சொன்னாலும் மிஷின் காட்டிக்கொடுத்துவிடும். சித்திரை மாதத்தில் ஒரு மனிதன் தண்ணீர்க் குடத்தைப் பார்க்கிற பார்வையை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். குடத்தைத் தூக்கிக் கொல்லைப்புறம் ஒளித்து வைத்தவளும் நான்தான்.

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு அக்கா வருவார். வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு ஊர். ஐம்பது வயதிருக்கும். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற மானாவாரிக் காடு. வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிடுவார், அங்கிருந்து அக்கா தனியாகத்தான் வருவார். குச்சி மாதிரி உடம்பு, வாய் மட்டும் ஆறு ஆளுக்கு ஆகும். நாங்கள் போன முதல் வாரமே என் வீட்டுக்காரரிடம், "பயப்படாதீங்க டிரைவரே. நம்ம ரத்தம் நம்மள உட்டுட்டு ஊர் சுத்திட்டு வருது, அவ்ளோதான். நாமதான் வூட்டுக் காவலுக்குக் கெடக்கறோம்" என்றார்.

நான் நூலகத்துப் புத்தகம் ஒன்றைக் கூடவே எடுத்துப் போவேன். ஒரு நாள் மனசுக்குள் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்புள்ள, நீ மட்டும் தனியா திங்கிற? சத்தமா படிச்சா எங்களுக்கும் ஒரு வாய் கெடைக்குமுல்ல" என்றார்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதாக்கா?"

"கையெழுத்துப் போடுவேன். அதுவும் யாரும் உத்துப் பாக்காம இருக்கணும்."

அப்படி ஆரம்பித்ததுதான். அந்தப் புத்தகம் அட்டை போய், நூலகத்தில் முரட்டுத் துணி ஒட்டித் தைத்தது. எழுதியவர் பெயர்கூட இல்லை. கதை இதுதான்: மழையை நம்பிய ஊரில் ஒருத்தி. புருஷன் செத்துப் போகிறான். பொதுக் கிணற்றில் அவளுக்குத் தண்ணீர் முறை கிடையாது என்று கொழுந்தன் சொல்லிவிடுகிறான். அவள் தன் பங்குக் காட்டிலேயே கிணறு வெட்டுவது என்று நிற்கிறாள். புத்தகம் முழுக்கக் கிணறு வெட்டுவதுதான். ஒருத்தர் மண் வெட்ட, ஒருத்தர் கூடை தூக்க, பாறை தட்ட, வெடி வைக்க, மறுபடியும் வெட்ட.

இதை எடுத்துப் போனேனே என்று முதல் நாளே திக்கென்றது. நாக்கு வறண்டு கிடக்கிற ஆறு பேருக்கு நடுவில் உட்கார்ந்து தண்ணீர் தேடுகிற கதை படிக்கிறேன். நாலாம் அத்தியாயத்தில் வேலை ஆட்கள் பானைத் தண்ணீரை மொண்டு, தலையை அண்ணாந்து குடிப்பார்கள். எழுதியவர் அதை அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். நான் வாசிக்க வாசிக்க வார்டில் ஒரு சத்தமும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் ஆறு தொண்டைக் குழியும் ஏறி இறங்குகிறது. சிஸ்டர் பெண் ஓடிவந்து, "அக்கா, அந்த எடத்த உட்டுட்டுப் படிங்களேன், பாவமா இருக்கு" என்றாள்.

"நீ படி, படி" என்றார் என் வீட்டுக்காரர். "கதையில குடிக்கிறதுக்கு எடை ஏறாது."

"அந்த எடத்த இன்னொருக்கா படி புள்ள" என்றார் அக்கா.

படித்தேன்.

அக்கா சும்மா கேட்கிற ஆளில்லை. கதையோடு சண்டை போடுவார். "நாலு ஆளு ஒரு நாளைக்கு அரை ஆள் ஒசரம் வெட்டுனாங்கன்னா போட்டிருக்கு? எழுதுனவன எங்க ஊருக்கு அனுப்பு. கடப்பாறையக் கையில குடுத்து நான் பாக்கறேன்." புத்தகத்தில், நிலத்தடியில் தண்ணீர் எங்கே என்று பார்த்துச் சொல்கிறவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடு முழுக்க நடப்பார். ஒரு இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அந்த இடம் வந்தபோது அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "தேங்கா நிக்கும் புள்ள. எல்லார் கையிலயும் நிக்கும்" என்று மட்டும் சொன்னார். என்ன அர்த்தத்தில் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நாலாவது வாரம் சனிக்கிழமை, ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போது அக்கா மெதுவாகச் சொன்னார்: "போதும்னு இருக்கு புள்ள. மூணு நாளு இங்க. மூணு நாளு அந்த அசதி. வாரத்துல ஒரு நாளுதான் நான் உசுரோட இருக்கறேன். அந்த ஒரு நாளுக்கு எத்தன பஸ் ஏறுறது?"

விளையாட்டுக்குச் சொன்னதில்லை. அந்த வார்டில் அப்படிச் சொல்லிவிட்டு வராமல் நின்றுபோனவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள்.

அன்றைக்கு நான் கதையை நிறுத்திய இடத்தில் கிணற்றில் முதல் பாறை தட்டியிருந்தது. பாறைத் துளையில் வெடிமருந்தை இறுக்கி அடைத்து, திரி பற்றவைத்துவிட்டு ஆட்கள் மேலே ஏறுகிறார்கள். பன்னிரண்டு மணி அடித்துவிட்டது. அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அக்கா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். எடை மிஷினில் ஏறி நின்றுகொண்டே, "வெடி வெடிச்சுதா? அத மட்டும் கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன்" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. ஒரு மனுஷியைக் கதையால் கட்டிவைத்து உயிரோடு வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அன்றைக்கு இரண்டு அத்தியாயம் படிக்க வேண்டிய இடத்தில் பாதி படித்தேன். முக்கியமான இடம் வந்ததும் மூடினேன். வியாழக்கிழமை வந்தார். சனிக்கிழமை வந்தார்.

இன்னொரு காரணமும் இருந்தது. நான் வீட்டில் கடைசி வரைக்கும் படித்துவிட்டேன். தொண்ணூறு அடியில் கிணறு நின்றுபோகிறது. தண்ணீர் வராது. அடியில் காய்ந்த பாறைதான். இதை எப்படி அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது? போதும் என்று சொல்கிற ஒருத்தியிடம், அந்தக் கதைப் பெண்ணும் தோண்டிப் பார்த்தாள், ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது?

அதனால் புத்தகத்தில் இல்லாததையெல்லாம் சேர்த்தேன். கூடை கட்டிய கயிறு அறுந்தது என்று சொன்னேன். வெட்டுகிற ஆட்களுக்குள் சண்டை மூட்டினேன். கிணற்றுக்குள் ஒரு பாம்பை விட்டு, அதைப் பிடிப்பதிலேயே ஒரு நாளை ஓட்டினேன்.

என் வீட்டுக்காரர் திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டார்: "ஏன்டி, இன்னிக்கி ஒரு பக்கம்கூட நீ திருப்பல. கதை மட்டும் ரெண்டு மைல் ஓடிடுச்சு?"

"சும்மா வாங்க."

"டிரைவருக்குத் தெரியாதா, கண்ணு ரோட்டுல இருக்கா வேற எங்கயோ இருக்கான்னு? எதுக்கு இந்த வேலை?"

சொன்னேன். "அந்தம்மா என்ன சின்னப் புள்ளயா? தண்ணி வரலன்னா வரலன்னு சொல்லேன்" என்றார். "சொன்னா வராமப் போயிடுவாங்க" என்றேன்.

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை. அக்காவுக்கு அன்றைக்குக் கால் வீங்கியிருந்தது. நான் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னிக்கிப் படிக்க வேணாம். வாயால சொல்லு. தண்ணி வந்துச்சா, வரலியா?"

"அப்படிச் சொன்னா கதையில என்னக்கா இருக்கு? பொறுமையா கேளுங்க."

"பொறுமையா கேக்க நான் எங்க புள்ள ஒக்காந்திருக்கேன்? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"வியாழக்கிழமை வாங்க, சொல்றேன்."

அக்கா என்னையே பார்த்தார். "மாட்டுக்கு முன்னால புல்லுக்கட்டக் காட்டிட்டே போறாப்ல போற நீ" என்றார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

புதன்கிழமை நல்ல மழை. அரியலூரில் தெருவெல்லாம் சிமெண்ட் நிறத்தில் தண்ணீர் ஓடியது. வியாழக்கிழமை அக்கா வரவில்லை. கட்டில் காலியாகக் கிடந்தது. சிஸ்டர் பெண் போன் போட்டுப் பார்த்துவிட்டு, "எடுக்கலக்கா, நீங்க பேசுங்க" என்றாள். நான் வெளியே வந்து என் போனில் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார். பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம், யாரோ யாரையோ கேலி செய்கிற சத்தம்.

"காட்டுல நிக்கறேன் புள்ள. புரட்டாசி மாசம் இப்பதான் பேஞ்சிருக்கு. ஈரம் காயறதுக்குள்ள வெங்காயம் ஊனணும். இத உட்டா இந்த வருஷம் போச்சு."

"அக்கா, ஒரு தடவை உட்டா என்னாவும்னு உங்களுக்குத் தெரியும். மத்தியானமாவது வாங்க. சொல்லி மிஷின்ல எடம் வாங்கித் தரேன்."

"சனிக்கெழம வரேன்." மூச்சு வாங்கியது. "போன்லயே சொல்லிடேன். தண்ணி வந்துச்சா?"

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது, இதைச் சொல்லிவிட்டால் சனிக்கிழமையும் வரமாட்டார் என்பதுதான்.

"சனிக்கிழமை வாங்கக்கா. கடைசி அத்தியாயம்தான். நேர்ல படிச்சுக் காட்டுறேன்."

"சரிடி ராஜாத்தி" என்று சொல்லி வைத்துவிட்டார். அதுவரைக்கும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

வெயில் ஏறியிருக்கிறது. அன்றைக்கு முழுக்க நின்று வெங்காயம் ஊன்றியிருக்கிறார். எவ்வளவு தண்ணீர் குடித்தாரோ யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் படுக்க முடியாமல் மூச்சு திணறியிருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்து, வழியிலேயே முடிந்துவிட்டது. சனிக்கிழமை நாங்கள் போனபோது சிஸ்டர் பெண் எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு என் பையில் புத்தகம் இருந்தது. எடுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. நாலு மணி நேரம் ஆறு மிஷினில் ஐந்துதான் ஓடியது.

பதினாறாம் நாள் காரியத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்து வைத்திருந்தார்கள், போனோம். உங்களால் முடியாது, நான் மட்டும் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. பெரம்பலூர் போய், வேப்பந்தட்டை போய், அங்கிருந்து மினி பஸ். அக்காவின் வீட்டுக்காரர் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். பந்தலில் நாற்காலி போட்டார். அக்காவோடு வேலை செய்கிற பெண்கள் நாலைந்து பேர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"நீங்கதான அந்தக் கதை படிக்கிற அம்மா?"

ஆமாம் என்றேன். மற்றவர்களும் நாற்காலியைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரில இருந்து வந்து ஒரு நாள் படுத்தே கெடப்பா. மறுநாளு காட்டுக்கு வந்தான்னா எங்களுக்கு அந்தக் கதைதான். களை எடுக்கறப்ப சொல்லுவா, கஞ்சி குடிக்கறப்ப சொல்லுவா. அந்தக் கொழுந்தன்காரன நாங்க ஏசுன ஏச்சுக்கு அவன் எப்பவோ செத்திருக்கணும்."

"அந்தப் பாம்பு மட்டும் அவளுக்குச் சரிப்படல" என்றாள் இன்னொருத்தி. "அது புத்தகத்துப் பாம்பு இல்லடி, அந்தப் புள்ள உட்ட பாம்புன்னா. நான் வராமப் போயிடுவேன்னு உட்டுருக்குன்னா."

எல்லோரும் சிரித்தார்கள். துக்க வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"வெங்காயம் ஊனுன அன்னிக்கிக்கூட சொன்னா. மூணாவது பாறை வரைக்கும் வந்தாச்சு, சனிக்கெழம தெரிஞ்சிடும்னா." அந்தப் பெண் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அவதான் போயிட்டா. நீங்க சொல்லுங்க. தண்ணி வந்துச்சா?"

வந்தது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. எழுபது அடியில் ஊற்று பீறிட்டது, எல்லோரும் நனைந்தார்கள் என்று சொல்லியிருப்பேன். எனக்கு அது கஷ்டமில்லை, கடைசி வாரங்களில் அதைத்தானே செய்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலைங்க" என்றேன். "தொண்ணூறு அடி வெட்டுனாங்க. வரல."

முதலில் பேசிய பெண் சொன்னாள்: "இவளுக்கு நூத்திப் பத்து."

எனக்குப் புரியவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் எழுந்து, "வாங்க" என்று எங்களைக் காட்டுக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்குப் பின்னால்தான். அக்கா ஊன்றிய வெங்காயம் வரிசை வரிசையாகப் பச்சை விட்டிருந்தது. அதைத் தாண்டி, காட்டின் மூலையில் வெட்டிப்போட்ட கல் குன்று மாதிரி குவிந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லை, விளிம்பில் சீமைக்கருவேலம் முளைத்திருந்தது. எட்டிப் பார்த்தேன். அடியில் பாறை வெள்ளையாகத் தெரிந்தது. இந்த மழைக்குக்கூட நாலு குடம் தண்ணீர்தான் குட்டையாக நின்றது.

"அவ புடிச்ச புடிவாதத்துல வெட்டுனதுங்க. நான் வேணாம்னேன். தேங்கா வச்சுப் பாத்தவரு அறுபது அடியில ஆறே ஓடுதுன்னாரு. ஆளோட ஆளா அவளும் கூடை சொமந்தா." அவர் ஒரு கல்லைக் காலால் தள்ளினார். அது விழுந்த சத்தம் வர நேரம் ஆனது. "வரலன்னு ஆனப்புறம் இந்தக் கெணத்தப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டா. பத்து வருஷமா இந்த மூலைக்கே வரமாட்டா. உங்க கதைய மட்டும் பேசுவா."

நான் விளிம்பிலிருந்து பின்னால் நகர்ந்தேன்.

"ஏங்க, புத்தகத்துல அந்தப் பொம்பள அதுக்கப்புறம் என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார்.

"மேல ஏறி வந்தாங்க. கொஞ்ச நாளு யார்கூடயும் பேசல. அப்புறம் மழை பேஞ்சுது. கம்பு வெதைச்சாங்க. அதோட கதை முடிஞ்சிடும்."

அவர் தலையை ஆட்டினார். "இவளும் அதத்தான் பண்ணுனா."

காய்ந்த கிணற்றைப் பற்றிக் கேட்டால் அக்கா உடைந்துபோவார் என்று நான் நினைத்தேன். அக்கா அந்தக் கிணற்றின் அடியில் நின்று கூடை சுமந்தவர். நூற்றுப் பத்து அடிக்கும் போய், வெறுங்கையோடு மேலே ஏறி வந்து, பத்து வருடம் வெங்காயம் ஊன்றியவர். இந்த உலகத்தில் இன்னொருத்திக்கும் அப்படி ஆகியிருக்கிறதா, அவள் அதற்கப்புறம் என்ன செய்தாள் என்பதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தப் பதில் என் மடியில் இருந்தது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவரிடம் குடத்தை ஒளித்துவைத்தது போல அதை ஒளித்துவைத்தேன். என் வீட்டுக்காரரிடம் குடத்தை ஒளித்தது அவர் உயிருக்காக. இதுவும் உயிருக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஒட்டவில்லை.

மக்கள் ஏன் கதை கேட்கிறார்கள் என்று என்னிடம் யாராவது கேட்டால் முன்பெல்லாம் நிறையப் பேசுவேன். கவலை மறக்க, பொழுது போக, நாலு விஷயம் தெரிந்துகொள்ள என்று. இப்போது அவ்வளவு பேசுவதில்லை. தன்னிடம் யாரும் கேட்காததை, தானும் வாய் திறந்து சொல்ல முடியாததை, வேறு யாருக்கோ நடந்ததாக உட்கார்ந்து கேட்க முடிகிறது என்பது மட்டும் தெரிகிறது. நடுவில் என்னை மாதிரி ஒருத்தி புகுந்து பாம்பு விடாமல் இருந்தால் போதும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வார்டில் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். எழுத்து எழுத்தாக, ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் விடாமல். முடிந்ததும் ஒருவர், "மறுபடி முதல்ல இருந்து படிங்க. அந்த அக்கா நடுவுல நடுவுல பேசிட்டே இருந்ததுல பாதி காதுல உழல" என்றார். சரி என்றேன்.

வியாழக்கிழமை அக்காவின் கட்டிலுக்குப் புது ஆள் வந்திருந்தார். உடையார்பாளையம் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறவர். அது அவருக்கு முதல் வாரம். ஊசி குத்தியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் புத்தகத்தை எடுத்ததும், "என்ன கதைங்க?" என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"கெணறு வெட்டுற கதை. முன்னாடியே சொல்லிடறேன், தண்ணி வராது."

"வராதுன்னு தெரிஞ்சப்புறம் எதுக்குங்க கேக்கணும்?"

"கேக்கப் புடிக்கலன்னா தூங்குங்க. நாலு மணி நேரம் கெடக்கு."

அவர் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதல் அத்தியாயத்தைப் படித்தேன். இரண்டாவதைப் படித்தேன். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். மூன்றாவதில் கடப்பாறையைத் தூக்கி முதல் குத்து குத்துகிற இடத்தில் அவர் தலையை என் பக்கம் திருப்பினார்.

"எத்தன ஆளு வெட்டுறாங்க?" என்று கேட்டார்.

"நாலு பேரு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படித்தேன்.